மறுமொழி: ‘சன்செட் குளோஸ்’ என்பதற்குத் தமிழ். என் பரிந்துரை ‘தானொழி ஏற்பாடு’

கலைச்சொல் குழுவினர் எல்லோருக்கும் வணக்கம்.

கேள்வியைக் கேட்டுவிட்டு நாலு நாளாகப் பேசாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். வந்த மறுமொழிகள் எல்லாவற்றையும் வாசித்தேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கேள்வியை இன்னொருமுறை வைக்கிறேன். ஒரு சட்டத்தையோ அதிகாரத்தையோ உண்டாக்கும்போதே, “இன்ன திகதியோடு இது செல்லாது, யாரும் வந்து நீக்கத் தேவையில்லை” என்று அதற்குள்ளேயே எழுதிவைக்கிற பிரிவு. அதைத்தான் ஆங்கிலத்தில் சன்செட் குளோஸ் (sunset clause) என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்பதுதான் கேள்வி. நான் கிளிநொச்சியில் தரம் 10, 11 பிள்ளைகளுக்குக் குடியியற் கல்வி படிப்பிக்கிறேன். கொரோனாக் காலத்துச் சட்டங்கள் பற்றி ஒரு பாடத்தாள் எழுதிக்கொண்டிருந்தபோது இந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது.

சென்னை நண்பர் எழுதியிருந்தார்:

> ‘அந்தி விதி’ என்று வைக்கலாமே. சின்னதாக, அழகாக இருக்கிறது.

அழகுதான். ஆனால் எங்கள் பக்கத்தில் அந்தி என்றால் அதிகாரம் முடிகிற நேரமல்ல, தொடங்குகிற நேரம். 2020 மார்ச் 20ஆம் திகதி நாடு முழுக்க ஊரடங்கு போட்டது மாலை 6 மணிக்கு. அதற்கு முந்திய காலங்களிலும் பொழுதுபட்டால் வீதியில் நிற்க முடியாது என்றுதான் நாங்கள் வளர்ந்தோம். “அந்தி விதி” என்று நான் வகுப்பில் சொன்னால், ஆறு மணிக்குமேல் வெளியே போகக்கூடாது என்ற சட்டம் என்றுதான் பிள்ளை விளங்கிக்கொள்ளும். அதோடு அந்திக்குப் பிறகு விடிகிறது. இந்தப் பிரிவின் வேலையோ திரும்ப விடியாமல் பார்ப்பது.

யாழ்ப்பாணத்து ஐயா சொன்ன ‘காலாவதி வாசகம்’ பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஐயா, சொல் எல்லோருக்கும் தெரிந்தது, பால்மாப் பெட்டியில் இருக்கிறது, அந்த வசதி பெரியது. என் தயக்கம் வேறு. ‘காலாவதியான சட்டம்’ என்று நாம் பேச்சில் சொல்வது பழசாகிப்போன, ஆனால் இன்னும் புத்தகத்தில் உயிரோடு இருக்கிற சட்டத்தை. கொரோனாவுக்கு எடுத்துப் பயன்படுத்திய நோய்த்தடுப்புக் கட்டளைச்சட்டம் 1897ஆம் ஆண்டு பிறந்தது. அதைக் காலாவதியானது என்று எத்தனையோ பேர் எழுதினார்கள். ஆனாலும் அதன் கீழ்தான் 2020 ஒக்ரோபரில் முகக்கவசம் கட்டாயம் என்று வர்த்தமானி (அரசிதழ்) வந்தது. மீறினால் 10,000 ரூபா வரை தண்டம் அல்லது ஆறு மாதம் வரை மறியல் (சிறை). காலாவதியான மருந்தைக் குப்பையில் போட ஒருவர் வேண்டும். காலாவதியான சட்டத்துக்கும் அப்படித்தான். நாம் தேடுவது அந்த ஒருவர் தேவைப்படாத நிலைக்கான சொல்.

அக்கா ஒருவர் டொரண்டோவிலிருந்து ‘தற்காலிக ஏற்பாடு’ போதாதா என்று கேட்டிருந்தார். போதாது அக்கா. காரணத்தை நான் தேடிப் போகவே வேண்டாம், நம் நாட்டுச் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் முழுப் பெயரில் ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்ற சொற்கள் இருக்கின்றன. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம். மூன்று வருடத்துக்கு என்று வந்தது, 1982இல் அந்த எல்லையை எடுத்துவிட்டார்கள். சட்டம் நின்றுவிட்டது, பெயரில் ‘தற்காலிக’ மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. வன்னியில் எந்த வீட்டிலும் போய் அந்தச் சட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். தற்காலிகம் என்ற சொல்லை அதற்குப் பிறகு நாங்கள் நம்புவதில்லை.

இங்கே ஒரு விடயத்தைத் திறந்து சொல்லிவிடுகிறேன். அவசரத்துக்கு எடுத்த அதிகாரம் எப்போது முடியும் என்ற கேள்வியை உலகத்தில் உரக்கக் கேட்டவர்களில் பெரும்பங்கு மேலைநாட்டு மரபுவாதிகள். தமிழில் ‘பழமைவாதி’ என்று எழுதினால் வசவாகிவிடுகிறது, அதனால் மரபுவாதி என்கிறேன். அரசு தன் கையில் எடுத்ததைத் தானாகத் திருப்பித் தராது என்பது அவர்களுடைய பழைய சந்தேகம். பிரித்தானியாவில் 2020 மார்ச்சில் வந்த கொரோனாச் சட்டத்தின் பெரும்பாலான பிரிவுகளுக்கு இரண்டு வருட ஆயுள் வைத்தார்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாடாளுமன்றம் பார்க்க வேண்டும் என்றும் வைத்தார்கள். அப்படியிருந்தும் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற சம்ப்ஷன் பிரபு, அமைச்சர்கள் கட்டளை போட்டு நாட்டை நடத்துகிறார்கள் என்று வெளிப்படையாகக் கண்டித்தார். 2021 டிசம்பரில் கொவிட் பாஸ் (சில இடங்களுக்குள் நுழையத் தடுப்பூசி அல்லது பரிசோதனைச் சான்று) வந்தபோது ஆளும் கட்சியின் சொந்த உறுப்பினர்கள் ஏறத்தாழ 100 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதியரசர் கோர்சச் 2023இல் அவசரகால ஆணைகளைப் பற்றிக் கடுமையாக எழுதினார்.

அவர்களோடு சேர்ந்து தடுப்பூசி விஷம் என்று கத்தினவர்களும் இருந்தார்கள். அது எனக்கு உடன்பாடில்லை. நான் ஊசி போட்டேன், அம்மாவுக்கும் போடுவித்தேன். வெயிலில் மோட்டார்சைக்கிளில் வீடு வீடாய்ப் போன பி.எச்.ஐ.மாரை (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களை) நன்றியோடு நினைக்கிறேன். நோய் பொய்யென்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. நோய் போன பிறகு அதிகாரம் எங்கே போகிறது என்பதுதான் என் கேள்வி. இந்தச் சந்தேகம் லண்டனில் பிறந்திருக்கலாம், ஆனால் வன்னியில் அதற்கு மொழிபெயர்ப்பே வேண்டாம்.

எங்கள் வீட்டு ஒரு காட்சியைச் சொல்கிறேன். 2020 ஏப்ரல், விசுவமடுவில் மச்சானுடைய தோட்டத்தில் பப்பாசியும் வெண்டியும் முற்றி நிற்கின்றன. சந்தைக்குக் கொண்டுபோகப் பாஸ் வேண்டும். இரண்டு நாள் அலைந்து, நீல மை முத்திரை குத்திய அரைத்தாள் ஒன்றோடு வந்தார். அதற்குள் பாதிப் பப்பாசி அழுகிவிட்டது. அந்தத் தாளை அம்மா கையில் வாங்கிப் பார்த்தா. எழும்பிப் போய்த் தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து, பொலித்தீன் உறையில் சுற்றி வைத்திருந்த இன்னொரு தாளை எடுத்து வந்து மேசையில் பக்கத்தில் வைத்தா. தொண்ணூறுகளின் கடைசியில், போர்க்காலத்தில், வவுனியாவில் தங்குவதற்குக் கொடுத்த பாஸ். ஒரே அளவுத் தாள். பெயர், அடையாள அட்டை இலக்கம், போகும் காரணம், முத்திரை. இரண்டிலும் முடிவுத் திகதி இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது: பாஸுக்குத்தான் முடிவுத் திகதி. பாஸ் கேட்கிற அதிகாரத்துக்கு இல்லை. அதற்கு எழுதியிருந்தது ‘மறு அறிவித்தல் வரை’.

நாம் தேடுகிற சொல் இந்த ‘மறு அறிவித்தல் வரை’ என்பதற்கு நேர் எதிர்ச்சொல்லாக இருக்க வேண்டும். என் அளவுகோல் இதுதான்.

2020இல் போட்டதைப் ‘பொலிஸ் ஊரடங்கு’ என்று சொன்னார்கள். எந்தச் சட்டத்தில் அப்படி ஒன்று இருக்கிறது என்று சட்டத்தரணிகளே கேட்டார்கள். கொரோனாத் தடுப்புச் செயலணிக்குத் தலைவர் இராணுவத் தளபதி. தனிமைப்படுத்தல் நிலையங்களில் ஒன்று முல்லைத்தீவின் கேப்பாப்பிலவில், விமானப்படை முகாமுக்குள். படையினர் வைத்திருந்த தங்கள் காணியைத் திருப்பிக் கேட்டு அந்த ஊர் மக்கள் வருடக்கணக்கில் வீதியில் இருந்த இடம் அது. 2021 மே மாதம், போரின் முடிவில் இறந்தவர்களை நினைவுகூரும் முள்ளிவாய்க்கால் நாளுக்குச் சற்று முன்பு முல்லைத்தீவுப் பக்கம் தனிமைப்படுத்தப்பட்டது. அதில் எவ்வளவு நோய்க்காக, எவ்வளவு நினைவேந்தலுக்காக என்று அளந்து சொல்ல என்னிடம் தராசு இல்லை. ஆனால் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாத ஓர் அதிகாரம் இருந்ததே, அதுவே பிழை. 2020 ஏப்ரலில் கொரோனாவில் இறந்தவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்று வந்த வர்த்தமானியையும் நினைத்துப் பாருங்கள். புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருந்தது. முஸ்லிம் குடும்பங்கள் பத்து மாதம் அழுதார்கள், 2021 பெப்ரவரியில்தான் விதி மாறியது. மூன்று மாதத்தில் தானாக விழும் விதியாக அது எழுதப்பட்டிருந்தால், நீடிக்க விரும்பியவர்கள் எழும்பி நின்று காரணம் சொல்ல வேண்டி வந்திருக்கும். காரணம் சொல்லும் சுமை யார் தலையில் என்பதை இந்த ஒரு வரிதான் தீர்மானிக்கிறது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். எங்கள் சின்னக் குளங்களில் துருசு (தண்ணீரைத் திறந்துவிடும் மதகு) இருக்கும், வான் (நிரம்பிய தண்ணீர் வழிந்தோடும் இடம்) இருக்கும். துருசை ஒருவர் போய்த் திறக்க வேண்டும். வான் அப்படியில்லை, தண்ணீர் அந்த மட்டத்தைத் தொட்டால் தானாகப் பாயும், நடுச்சாமத்தில் எல்லோரும் நித்திரையாக இருந்தாலும் பாயும். பெரிய குளத்துக்கு வான்கதவு உண்டு, அதற்கு ஆள் வேண்டும். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்துக் கதவுகள் பிந்தித் திறக்கப்பட்டனவா என்று பெரிய விவாதமே நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சட்டத்தை நீக்கும் அதிகாரம் என்பது கதவு. நாம் பெயர் தேடுவது கதவில்லாத வானுக்கு. ‘வான்விதி’ என்றே வைக்க ஆசைப்பட்டேன், ஆனால் வன்னிக்கு வெளியே அது ஆகாயமாகிவிடும்.

அந்தத் ‘தானாக’ என்பதைத்தான் பிடித்துக்கொண்டேன். தானியங்கி என்ற சொல் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. அதே அச்சில் தான் + ஒழி, தானொழி. சட்டமொழியில் ‘ஏற்பாடு’ என்பது இங்கே நன்றாகப் பழகிய சொல். ஆகவே தானொழி ஏற்பாடு. ஒழிதல் என்பது தன்வினை, யாரும் ஒழிக்கவில்லை, அது ஒழிகிறது. ‘தன்முடிவு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். முடிவு என்றால் தீர்மானம் என்றும் பொருள் வருகிறது, அரசு தன் இஷ்டத்துக்குத் தீர்மானிப்பது போல் ஆகிவிடும். மழை ஓய்வதுபோல் ‘தானோய்’ என்றும் முயன்றேன். வாய்விட்டுச் சொன்னால் ‘நோய்’ என்று காதில் விழுகிறது, விட்டுவிட்டேன்.

இன்னொரு சிக்கல் இருக்கிறது. திகதி வைத்தால் மட்டும் போதுமா? நம் அவசரகாலப் பிரகடனத்துக்கும் ஒரு மாத ஆயுள்தான். ஆனால் மாதா மாதம் நாடாளுமன்றத்தில் கை உயர்த்துவார்கள், இரவுச் செய்தியில் “அவசரகாலச் சட்டம் மேலும் ஒரு மாதத்துக்கு நீடிப்பு” என்று வானொலி சொல்லும், அப்பா பொத்தானைத் திருகி அணைப்பார். இடையில் சில இடைவெளிகளைத் தவிர 2011 ஓகஸ்ட் வரை அப்படித்தான் போனது. அமெரிக்காவிலும் ஈரான் தொடர்பாக 1979இல் அறிவித்த தேசிய அவசரநிலையை வருடா வருடம் இன்றுவரை புதுப்பிக்கிறார்கள். ஆகவே ‘நீடிப்பு’ என்ற சொல்லையும் நாம் பிரித்துப் பார்க்க வேண்டும். எங்களூர்ச் சிறுபோகம் (குளத்துத் தண்ணீரை நம்பி வருடத்தில் இரண்டாவதாகச் செய்யும் நெல்) இதற்கு நல்ல முன்மாதிரி. ஒவ்வொரு வருடமும் கமக்காரர் கூட்டம் கூடி, குளத்தில் எத்தனை அடி தண்ணீர் என்று பார்த்து, எத்தனை ஏக்கர் என்று தீர்மானிப்பார்கள். போன வருடத்து ஏக்கர் இந்த வருடம் செல்லாது. அறுவடையோடு அந்த உரிமை முடிந்தது, திரும்ப வேண்டுமென்றால் தண்ணீர் மட்டத்தைத் திரும்பக் காட்ட வேண்டும். பழைய அதிகாரத்தை அப்படியே இழுப்பது நீடிப்பு. காரணத்தை முதலிலிருந்து காட்டிப் புதிதாகக் கேட்பதை ‘மீள்கோரல்’ எனலாம் என்று நினைக்கிறேன்.

சொற்பட்டியலுக்கு என் வரைவு:

தானொழி ஏற்பாடு (பெயர்ச்சொல்): ஒரு சட்டமோ அதிகாரமோ குறித்த திகதியில், எவரும் நீக்காமலே, செல்லுபடியற்றுப் போகும்படி அதே சட்டத்துக்குள் எழுதிவைக்கும் பிரிவு. எடுத்துக்காட்டு: பிரித்தானியாவின் 2020 கொரோனாச் சட்டத்தில் இரண்டாண்டுத் தானொழி ஏற்பாடு இருந்தது.

ஐயாவிடம் ஒரு கேள்வி. ‘ஒழி’ என்பது “ஒழிஞ்சு போ” என்ற வசவை நினைவூட்டுகிறது என்று நீங்கள் தனிமடலில் எழுதினீர்கள். அது எனக்கும் உறுத்துகிறது. ‘தானுதிர்’ என்று மாற்றிப் பார்த்தேன், மென்மையாக இருக்கிறது, ஆனால் உதிர்தல் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பது. ஒரு திகதியில் ஒரேயடியாக முடிவது அதில் வரவில்லை. வேறு வினை தோன்றினால் சொல்லுங்கள். தமிழ்நாட்டு நண்பர்கள் ‘ஏற்பாடு’ உங்களுக்குக் கல்யாண ஏற்பாடு போலத் தோன்றுகிறதா, ‘பிரிவு’ என்று மாற்ற வேண்டுமா என்றும் எழுதுங்கள். பாடத்தாள் அடுத்த திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது, அதுவரை திருத்த இடமிருக்கிறது.

அன்புடன்,
கிளிநொச்சியிலிருந்து