உதவி என்று வந்தவற்றில் பிள்ளைகளுக்குக் கைகொடுத்தது எது? வன்னி அனுபவங்கள்

முல்லைத்தீவில் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்தவர்:

மீள்குடியேற்றம் தொடங்கிய காலத்திலிருந்து சில வருடங்கள் முல்லைத்தீவுக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்க் குடும்பங்களைப் பார்த்துவருவதுதான் என் வேலை. 2009இல் போர் முடிந்தபோது ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் முகாம்களில் இருந்தார்கள், பெரும்பாலும் செட்டிகுளம் மெனிக்பாமில். அங்கிருந்து ஊர் ஊராகப் பிரித்து அனுப்பினார்கள். கையில் கொட்டில் போட 25,000 ரூபாய், கொஞ்சம் கூரைத் தகரம், ஆறு மாதத்துக்கு உலர் உணவு. காணிக்குப் போனால் பற்றை ஆளுயரம் நிற்கும். கிணற்றுக்குள் என்ன கிடக்கிறது என்று தெரியாது. சிவப்பு மிதிவெடிப் பலகைக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் போகாமல் பார்ப்பதே ஒரு முழுநேர வேலை.

மனம் உடைந்தவர்களைத் தேற்றும் உளசமூகப் பணி என்று எழுதிக் கொடுத்தால் அனுமதி கிடைப்பது கஷ்டமான காலம் அது. அதனால் கோழி வளர்ப்பு, தையல் என்ற பெயரில்தான் பல நிறுவனங்கள் உள்ளே போயின. நானும் கோழிக்குஞ்சுப் பெட்டியோடுதான் போனேன். கூடு அடிக்கும்போது பக்கத்தில் குந்தியிருந்து கதைத்த கதைகள்தான் அந்தத் திட்டத்தின் நல்ல பகுதி என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஒரு வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா, அம்மம்மா, ஏழாம் வகுப்பில் ஒரு மகன். போரின் கடைசியில் சனம் வெளியேறிய வட்டுவாகல் பாலத்தைக் கடந்த நாளில் பிரிந்த அப்பாவைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் தகவல் இல்லாதவர்களுக்கு மரணச் சான்றிதழ் எடுக்கலாம் என்று 2010இல் ஒரு தற்காலிகச் சட்டம் வந்தது. அவருடைய பேரில் இருந்த வங்கிக் கணக்கு, காணி, நட்டஈடு எதைத் தொடப் போனாலும் அந்தச் சான்றிதழைக் கேட்டார்கள். "கையெழுத்து வைச்சால் காசு வரும் எண்டு எனக்கும் தெரியும் மிஸ். அவர் இல்லையெண்டு நான் எப்பிடி எழுதிக் குடுக்கிறது? நாளைக்கு இவன் கேட்டால் என்ன சொல்லுறது?" என்றார் அந்தத் தாய். பொட்டை அழிக்கவில்லை. காணாமல் போனவர் என்றே குறிப்பிட்டுச் சான்றிதழ் கொடுக்க வழி செய்த திருத்தம் 2016இல்தான் வந்தது. இடையில் போன ஆறு வருடமும் அந்தப் பிள்ளையின் பள்ளிக்கூட வயது.

மகன் பள்ளிக்கூடம் போவான், வருவான், பேச்சுக் குறைவு. ஆடி அமாவாசை வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. வகுப்பில் அப்பா இல்லாத பொடியன்கள் எல்லோரும் அன்று விரதம். இவன் காலையில் எழும்பி, "நான் பிடிக்கவோ, வேண்டாமோ?" என்று கேட்டிருக்கிறான். அயல் வீடுகளில் விரதத்துக்குக் காத்தோட்டிக்காய் கறி வைக்கிறார்கள், இந்த வீட்டில் அடுப்பே மூட்டவில்லை. நான் போனபோது மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

எங்களுக்குத் தந்த பயிற்சியில் இதற்குப் பதில் இருக்கவில்லை. பதில் சொன்னது அம்மம்மாதான். "விரதம் செத்தவைக்கு. கொப்பருக்கு நீ நேர்த்தி வை." அடுத்த வைகாசியில் வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கலுக்கு அவன் காவடி எடுத்தான். அப்பா திரும்பி வரவேண்டும் என்று வாய்விட்டுச் சொல்ல அவனுக்கு அன்றுதான் ஓர் இடம் கிடைத்தது. அதற்குப் பிறகு வீட்டில் அப்பாவைப் பற்றி மூன்று பேரும் கதைக்கத் தொடங்கினார்கள், சண்டையும் பிடித்தார்கள். வகுப்பிலும் வாய் திறக்கிறான் என்று டீச்சர் சொன்னார்.

யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் இதைத்தான் பல காலமாக எழுதிவந்தார்: போர் தனி ஆட்களை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே உடைக்கிறது, ஆகவே மருந்தும் அங்கேயே தேடப்பட வேண்டும், சடங்குகளும் கோயிலும் அதில் சேர்த்தி. அந்த வீட்டில் நான் அதைக் கண்ணால் பார்த்தேன். பிள்ளையைத் தனியே கூப்பிட்டு வைத்துச் சுகப்படுத்த முடியாது. தாய் நிமிர்ந்தால் பிள்ளை நிமிரும். என் பணிக்காலத்தில் நான் உறுதியாக நம்பத் தொடங்கியது இந்த ஒன்றைத்தான். மற்றவர்களும் எழுதுங்கள்.

*

மெனிக்பாமில் படித்தவர்:

நான் ஆனந்தகுமாரசுவாமி பகுதியில் இருந்தேன், சாதாரண தரம் எடுக்கும் வயது. வகுப்பு என்றால் தறப்பாளுக்குக் கீழே, பத்து மணிக்கு மேல் உள்ளே இருக்க முடியாத வெக்கை. படிப்பித்தவர்களும் எங்களோடு இடம்பெயர்ந்து வந்த ஆசிரியர்கள்தான். பக்கத்துக் கூடாரத்தில் இருந்து அதே தண்ணீர் வரிசையில் நின்றுவிட்டு வந்து கணிதம் எடுத்தார்கள்.

எனக்கு யுனிசெப் புத்தகப்பையும் கிடைத்தது, அது பெரிய உதவி. ஆனால் மனதில் நிற்பது எங்கள் டீச்சர் போட்ட இடாப்பு. ஒவ்வொரு பிள்ளையிடமும் பழைய பள்ளிக்கூடம் எது, பக்கத்தில் இருந்து படித்தது யார், அவர்களைக் கடைசியாக எங்கே கண்டாய் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதினார். அடுத்த பகுதியில் படிப்பித்த ஆசிரியரோடு ஆள்விட்டு அந்தப் பெயர்களை ஒத்துப் பார்ப்பார். இரண்டு பகுதிக்கும் நடுவே முள்கம்பி. என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவள் உயிரோடு இருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது அந்தக் கொப்பியால்தான். 2009 டிசம்பரில் வவுனியா கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) யுனிசெப் உதவியோடு பிள்ளைகளைத் தேடும் பிரிவு தொடங்கினார்கள், நல்ல வேலை. அதற்கு மாதக்கணக்கில் முன்னமே எங்கள் டீச்சர் தன்பாட்டில் அதைச் செய்துகொண்டிருந்தார். அவருடைய சொந்த மகனைப் பற்றிய தகவல் அப்போது அவருக்கே இல்லை.

*

வீட்டுத்திட்டத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்தவர்:

தாய் நிமிர்ந்தால் என்று எழுதியிருக்கிறீர்கள். தாயைக் குனியவைத்ததையும் சொல்ல வேண்டும்.

இந்திய வீட்டுத்திட்டம் மொத்தம் 50,000 வீடு, பெரும்பகுதி வடக்கு கிழக்குக்கு. ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபாய். பயனாளியின் கணக்குக்கே கட்டம் கட்டமாக வரும். அத்திவாரம் முடிந்தால் அடுத்த பங்கு, சுவர் எழும்பினால் அடுத்தது. குடும்பம் தானே முன்னின்று கட்டுவது என்பது உண்மையிலேயே நல்ல முறை. தன் அறைக்கு யன்னல் எந்தப் பக்கம் என்று ஒரு சின்னப் பெண்பிள்ளை எனக்குக் காட்டித் தந்தாள். முகாமில் பிறகு கொட்டிலில் என்று வளர்ந்தவள் அவள்.

ஆனால் ஒரே நேரத்தில் ஊர் முழுக்க வீடு கட்டினால் மேசனுக்கும் கிராக்கி, மணலுக்கும் கிராக்கி. ஆண் துணை உள்ள வீட்டில் கல் அரிய, மண் சுமக்க ஆள் இருக்கும். தனியே நிற்கிற தாய் எல்லாவற்றுக்கும் கூலி கொடுக்க வேண்டும். முற்பணம் வாங்கின மேசன் வேறு ஊருக்குப் போய்விடுவார். கூரை வரைக்கும் வந்து நிற்கிற வீட்டை முடிக்கக் கிழமைக் கடன், அதாவது வாராவாரம் கட்டும் நுண்கடன், எடுப்பார்கள். ஒன்றை அடைக்க இன்னொன்று. கடன் அறவிட மோட்டார் சைக்கிளில் ஆள் வருகிற நாளில் தாய் பின் வளவுக்குப் போய்விட, "அம்மா இல்லை" என்று சொல்ல வீட்டில் நின்றது பிள்ளை. அந்த நாளில் அது பள்ளிக்கூடம் போகாது. 2018இல் அரசாங்கம் ஒரு லட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யும் நிலைக்கு இது முற்றியது.

நாலைந்து பெண்கள் சேர்ந்து ஒரு மேசனைப் பிடித்து, மணலையும் ஒன்றாக இறக்கி, ஒருவர் வீட்டுக்கு மற்றவர் கூலியாகப் போன இடங்களில் வீடு கடனில்லாமல் முடிந்ததைப் பார்த்திருக்கிறேன். தனியாக நிற்கும் தாய்மாருக்கு அந்தக் கூட்டை முதலிலேயே ஒழுங்குபடுத்திக் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். சீமெந்து விலையைவிட அதுதான் முக்கியம்.

*

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர்:

என் அக்காவின் மகள் ஷெல் பட்டு முழங்காலுக்குக் கீழே காலை இழந்தவள். யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் கால் நிறுவனம் 1987இலிருந்து செயற்கைக் கால் செய்து பொருத்தும் வேலையைச் செய்துவருகிறது. பலருக்குத் தெரியாத ஒன்று: ஒருமுறை போட்டால் முடிவதில்லை, பிள்ளை வளர வளரக் கால் பொருந்தாது. மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் நடக்கப் பழக வேண்டும், காய்ப்பு உரசிப் புண் வந்தால் பள்ளிக்கூடம் நிற்கும். ஒரு வருடத் திட்டத்தில் பிள்ளையின் பெயரைப் பதிந்துவிட்டு அடுத்த வருடம் ஆளே வராத நிறுவனங்கள் எங்களுக்கும் வாய்த்தன. எந்த ஆட்சியிலும் எந்தத் திட்டம் முடிந்தாலும் திறந்திருந்த இடம் என்பதால் அந்தப் பட்டறைக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

*

டொரன்டோவிலிருந்து ஒருவர்:

படித்துவிட்டு நித்திரை வரவில்லை. எங்கள் ஊர்ச்சங்கம் வருடம் ஒருமுறை கொப்பி, பை அனுப்புகிறது. வேறு எப்படிச் செய்தால் உதவும்?

*

முல்லைத்தீவில் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்தவர்:

கொப்பி அனுப்புவதை நிறுத்த வேண்டாம் அண்ணா, தை மாதத்தில் அது பெரிய ஆறுதல். கூடவே மூன்று விஷயம். பத்துக் குடும்பமாக இருந்தாலும் சரி, அதே குடும்பங்களை உயர்தரம் முடியும்வரை விடாமல் பிடியுங்கள், தொகை சின்னதாக இருக்கலாம். தாய்க்குக் கடன் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள், இருந்தால் பிள்ளைக்கு அனுப்பும் காசு அங்கேதான் போகும், அதற்காக அவரைக் குறைசொல்ல முடியாது. அப்புறம், பையோடு பிள்ளையை நிறுத்திப் படம் எடுப்பதை விட்டுவிடச் சொல்லுங்கள். வகுப்பில் எல்லோருக்கும் தெரியும், யாருக்கு அப்பா இல்லை என்று. பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கம் மூலம் பெயர் வெளியே வராமல் கொடுக்கலாம், நாங்கள் இரண்டு பள்ளிக்கூடங்களில் அப்படித்தான் இப்போதும் செய்கிறோம். உங்கள் ஊர் எது என்று எழுதுங்கள், அங்கே யார் பொறுப்பாகச் செய்வார்கள் என்று விசாரித்துச் சொல்கிறேன்.