மறு: மறு: ‘சைஸ்’ – அளவா, கஞ்சியா?

எல்லாருக்கும் வணக்கமுங்க.

பாடக்குறிப்பு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. நெசவுக்கு முன் நூலுக்குச் செய்யும் ‘சைசிங்’குக்குத் தமிழில் ஒரே ஒரு சொல் கேட்டேன், நாற்பது மடல் ஓடிவிட்டது. வந்த சிக்கலை மறுபடி சொல்லிவிடுகிறேன்.

சோமனூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நெசவுப் பாடம் எடுக்கிறேன். பலகையில் ‘சைசிங்’ என்று எழுதியதும், லீவு நாளில் திருப்பூருக்கு வேலைக்குப் போகும் பையன் ஒருத்தன் எழுந்தான். “ஏனுங்க சார், பனியனுக்கு 85, 90ன்னு சைஸ் இருக்குதே, அந்த மாதிரி நூலுக்கும் அளவெடுப்பாங்களா?” அவன் கேட்டதில் தப்பே இல்லை. பனியனில் அந்த எண் மார்பளவு, சென்டிமீட்டர் கணக்கு. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலில் சைஸ் என்றால் கஞ்சி. எனக்குக் கிடைத்த பழைய கையேடு ஒன்றில் ‘நூலை அளவிடுதல்’ என்றே அச்சாகியிருக்கிறது. அதைப் படித்தவன் பாவு ஓட்டினால் என்ன ஆகும்?

> ‘சை’ மொழிமுதலில் வராது. தொல்காப்பியர் ச, சை, சௌ மூன்றையும் விலக்கியிருக்கிறார்.

ஈரோட்டு ஐயா சொல்வது சரிதான். ஆனால் அந்த விதிப்படி சட்டியும் சண்டையும்கூட வாசலுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். சைசிங் வேண்டாம் என்பதில் நானும் உங்கள் கட்சி. காரணம் இலக்கணம் இல்லை, அந்தப் பையனின் கேள்வி.

> நற்றிணை 90இல் ‘புகாஅப் புகர் கொண்ட’ கலிங்கம் வருகிறது. புகா என்பது சோறு, கஞ்சி. ‘புகாவிடல்’ எனலாமே?

கோபி அக்கா, படித்ததும் சிலிர்த்துப்போனேன். துணிக்குக் கஞ்சி போடும் வழக்கம் அத்தனை பழசா! ஆனால் வகுப்பில் ‘புகா’ என்றால் ‘உள்ளே புகாத’ என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். கஞ்சியோ இழைக்குள் கொஞ்சமாவது புகுந்து பிடிக்க வேண்டும்.

மிச்சம் இருப்பது ‘பசையிடல்’. பல்லடத்து அண்ணன் உட்பட ஏழு பேர் அந்தப் பக்கம். எனக்கு மனசு ஒப்பவில்லை. பசை என்றால் ஒன்றோடு ஒன்றை ஒட்ட வைப்பது. பாவில் இழையோடு இழை ஒட்டவே கூடாது. காய்ந்து வரும் பாவைத் தண்டுகளுக்கு நடுவே விட்டுப் பிரித்துத்தான் பீம் என்னும் உருளையில் சுற்றுகிறோம். தறியில் இழைகள் நுழைந்து போகும் விழுதிலும் அச்சிலும் உரசி உரசி அறாமல் இருக்க, பிசிறை அடக்கி மேலே ஒரு பூச்சு, அவ்வளவுதான். குறுக்கே ஓடும் ஊடைக்கு அந்த உரசல் இல்லை, அதற்குக் கஞ்சியும் இல்லை. நெய்த பிறகு பூச்சைக் கழுவி எடுக்காவிட்டால் சாயம் சீராக ஏறாது. இத்தனையும் ‘கஞ்சி’ என்றதும் பிள்ளைகளுக்குப் பிடிபட்டுவிடும். வேட்டிக்குப் போட்டு அலசுவதைப் பார்த்தவர்கள்தானே. தறிக்காரர்களும் “பாவுல கஞ்சி பத்தல, இழை அத்துக்கிட்டே கெடக்குது” என்றுதான் சொல்கிறார்கள், பசை பத்தல என்று நான் கேட்டதில்லை.

மக்காச்சோள மாவும் மரவள்ளி மாவும் கஞ்சி, சரி. பிவிஏ என்ற செயற்கைப் பொருள் எப்படிக் கஞ்சி ஆகும் என்று அண்ணன் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. மில்லில் அதையும் கஞ்சி என்றே சொல்லிக் காய்ச்சுகிறார்கள் என்பதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை.

குறிப்பில் ‘பாவுக்கஞ்சி’, ‘கஞ்சியேற்றல்’, ‘கஞ்சிநீக்கல்’ என்று போடுகிறேன். துணியளவுக்கு ‘அளவு’ போதும். ‘பசையிடல்’ அடைப்புக்குறிக்குள் ஒருமுறை வரும், ஏழு பேருக்காக. அண்ணனுக்கு அதுவும் போதவில்லை என்று தெரியும், ஞாயிறு இரவு வரை எழுதுங்கள்.