ஆனியில் அணைத்த விறகு பாய்லர் ஆவணியில் ஒழுகியது: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

பள்ளிகொண்டா பக்கம் எங்களுக்கு ஒரு சின்னக் கல்யாண மண்டபம் இருக்கிறது. நைனா கட்டியது, இப்போது நானும் தம்பியும் பார்த்துக்கொள்கிறோம். சமையல்கட்டுக்கு வெளியே தகரக் கொட்டகையில் 500 லிட்டர் விறகு பாய்லர். நடுவில் நெருப்பு எரியும் அறை, சுற்றிலும் தண்ணீர், மேலே புகைக்குழாய். பிரஷர் எதுவும் கிடையாது, மாடி அறைகளுக்குக் குளிக்க வெந்நீர் போகும், அவ்வளவுதான். விடியற்காலை முகூர்த்தம் என்றால் ராத்திரி 2 மணிக்கே மூட்டிவிடுவோம்.

போன வருஷம் ஆவணி முதல் முகூர்த்தம். மூட்டி அரை மணி நேரத்தில் விறகு புஸ்ஸென்று சீற ஆரம்பித்தது. ஈர விறகு போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். சத்தம் நிற்கவில்லை. கதவைத் திறந்து டார்ச் அடித்தால், பின்தகட்டின் அடிமூலையிலிருந்து தண்ணீர் கோடாக இறங்கிச் சாம்பலில் விழுகிறது, பாதி விறகு அணைந்துவிட்டது. மாடியில் பெண் வீட்டார் 40 பேர். சமையல் மாஸ்டரிடம் கெஞ்சி இரண்டு அண்டா வாங்கி, கேஸ் அடுப்பில் வெந்நீர் காய்ச்சி, பக்கெட் பக்கெட்டாகப் படியேற்றினோம். பெண்ணோட அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ராணிப்பேட்டையில் மத்திய அரசின் பெல் (BHEL) ஆலையைச் சுற்றி நிறைய ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் உண்டே, அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரைக் கூட்டிவந்தோம். சின்னச் சுத்தியலால் தகட்டை மேலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். மேலே ணங் ணங் என்று கேட்டது, கீழே வர வரச் செத்த சத்தம். ஸ்க்ரூடிரைவரை வைத்து நெம்பியதும் துரு அப்பளம் மாதிரி அடுக்கடுக்காகப் பெயர்ந்தது. 5 எம்.எம். தகடு, சில இடத்தில் விசிட்டிங் கார்டு கனம்தான் மிச்சம்.

"எரியும்போது கெடலப்பா, சும்மா கிடந்தப்போ கெட்டிருக்கு" என்றார். ஆனிக் கடைசி முகூர்த்தம் முடிந்ததும் கதவைச் சாத்திவிட்டுப் போவதுதான் எங்கள் வழக்கம், நாலு வருஷமாக அப்படித்தான், புரட்டாசி மார்கழியிலும் அதே கதைதான். உள்ளே ஒரு சாண் சாம்பல். சாம்பலில் இருக்கும் உப்புகள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நம்ம ஊரில் ஆடி ஆவணியில் சாயங்காலம் இடி மழை வேறு. ஒரு பிடி சாம்பலை அள்ளிக் காட்டினார், தகடு ஒழுகாமல் இருந்தால்கூட, சும்மா கிடக்கும் மாசங்களில் அடிச்சாம்பல் இப்படித்தான் களி மாதிரி கையில் ஒட்டும் என்றார். நாங்கள் வேலிகாத்தானோடு தென்னை மட்டையும் தேங்காய் மட்டையும் போட்டு எரிப்போம், அந்தச் சாம்பலில் உப்பு இன்னும் அதிகம். மேலே சுவரில் புகை படிந்து தார் மாதிரி ஒட்டும் கருப்புக் கீலில் அமிலம், விறகு சரியாகக் காயாவிட்டால் அது கூடும்.

அடியை வெட்டி எடுத்து 6 எம்.எம். தகடு வைத்து வெல்டிங் அடித்தோம். இந்த வருஷம் ஆனியில் கடைசி நெருப்பை நன்கு காய்ந்த விறகில் ஜோராக எரியவிட்டு, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் சுரண்டினோம். ஆறிப்போனால் கீல் கல்லாகிவிடும், சூட்டில் இளகி வருகிறது. விறகு கிடக்கும் இரும்புக் கிராதியைக் கழற்றி அதற்கு அடியிலும், கதவு விளிம்பிலும், மூலைகளிலும் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, ஒரு கரண்டிச் சாம்பல்கூட விடாமல் எடுத்தோம். அப்புறம் புது எஞ்சின் ஆயிலைத் துணியில் தொட்டு நெருப்புப் பக்கம் மட்டும் பூசினோம், தண்ணீர்ப் பக்கம் கூடாது. சமையலில் மிஞ்சிய எண்ணெய் போதாதா என்றான் தம்பி. அது பிசுக்காகி எலியும் எறும்பும் சேரும், வேண்டாம். புகைக்குழாய் வாயில் தகர மூடி போட்டு, மறந்துபோய் மூட்டிவிடக் கூடாது என்று அடுப்புக் கதவில் சிவப்புத் துணி கட்டிவிட்டோம்.

தண்ணீர்ப் பக்கம்தான் எனக்கு இன்னும் சந்தேகம். போன வருஷங்களில் தண்ணீரைப் பாதி இறக்கிப் பாதி விட்டுவைப்போம், இந்த வருஷம் முழுக்க இறக்கிவிட்டோம். உங்கள் ஊரில் என்ன செய்கிறீர்கள்?

ஆரணியிலிருந்து:

பாதித் தண்ணீர் மட்டும் வேண்டாம் அண்ணே. தண்ணீரும் காற்றும் சந்திக்கிற கோட்டில்தான் குழி குழியாகத் துரு தின்னும். ஒன்று முழுக்க நிரப்பணும், இல்லை முழுக்க உலர்த்தணும். நாங்கள் ரைஸ்மில்லில் வேலை நிற்கும்போது உலர்த்தித்தான் வைப்போம். தகடு வெதுவெதுப்பாக இருக்கும்போதே இறக்கினால் அந்தச் சூட்டிலேயே உள்ளே காய்ந்துவிடும், வாய்ப்பக்கம் நிற்காதீர்கள், வெந்துவிடும். காலி பாய்லரில் நெருப்பு மூட்டிக் காயவைக்கப் பார்க்காதீர்கள், தகடு நெளிந்துபோகும். பிறகு நீற்றாத கற்சுண்ணாம்பை மண்சட்டியில் பாதி அளவு மட்டும் போட்டு உள்ளே வைத்து, எல்லா வாயையும் மூடிவிடுவோம். அது ஈரத்தைக் குடித்து உப்பி மாவாகும், அதனால்தான் பாதிச் சட்டி. மாசம் ஒரு தடவை திறந்து பார்த்து, மாவாகியிருந்தால் மாற்றணும். ஈரக்கையால் தொடாதீர்கள், கண்ணில் பட்டால் ஆபத்து.

ஆம்பூரிலிருந்து:

எங்கள் பக்கம் போர் தண்ணீரே உப்பு. பாலாற்றில் தோல் ஆலைக் கழிவு கலந்த வழக்கு 1996ல் சுப்ரீம் கோர்ட்டில் தீர்ப்பாகியும் நிலத்தடியில் இறங்கிய உப்பு இறங்கியதுதான். எங்கள் லாட்ஜ் பாய்லரில் தண்ணீரை இறக்கிய பிறகும் அடியில் ஒரு விரல்கடை நின்று காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது, அதற்குக் கீழே தகடு புள்ளி புள்ளியாக அரித்திருந்தது. இப்போது கடைசியாக மொட்டை மாடி மழைத்தண்ணீரில் இரண்டு தடவை அலசி இறக்கி, மிச்சத்தை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுக்கிறோம். துரு தடுக்கும் மருந்து ஊற்றச் சொல்வார்கள், அது மூடிய சுற்றில் ஓடும் தண்ணீருக்குச் சரி. குளிக்கிற தண்ணீரில் வேண்டாம்.

கே.வி.குப்பத்திலிருந்து:

மூடியைக் கம்பி போட்டுக் கட்டுங்கள். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், எங்கள் தகர மூடி பக்கத்துக் கொல்லையில் கிடந்தது. அன்று ராத்திரி மழை முழுக்க நேராக அடுப்புக்குள் இறங்கிவிட்டது.

பள்ளிகொண்டாவிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. இன்று மதியமே போய்ப் பார்த்தேன், மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது, கம்பி போட்டு முறுக்கிவிட்டேன். நெருப்பு அறையில் விரல் வைத்துத் தேய்த்தேன், எண்ணெய்தான் வந்தது, சிவப்பு இல்லை. அடிவால்வைத் திறந்ததும் ஆம்பூர் அண்ணன் சொன்ன மாதிரியே ஒரு சொம்புத் தண்ணீர் வந்தது. நாளைக்கு நீற்றாத கற்சுண்ணாம்பு வாங்கிவரத் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.