பேர் எழுதாத தூர்ப் பாம்: எங்கே பார்த்தால் பிடிபடும்?

நர்சரியில் தூர் கட்டி, அதாவது ஒரே அடியில் பல தண்டாக, நிற்கிற பச்சைப் பாம் (பனை வகை அழகுச்செடி) எதைக் காட்டினாலும் "அரிக்கா" என்றுதான் பதில் வரும். பேரை விடுங்கள், கவரின் மேல்மண்ணை இரண்டு விரல் ஆழம் ஒதுக்கிப் பாருங்கள். தண்டின் அடியிலிருந்தே பக்கக்கன்று கிளம்பியிருந்தால் நிஜத் தூர். தண்டுகள் ஒட்டாமல் தனித்தனி வேரோடு நின்றால் ஒரே கவரில் பல செடி. கிறிஸ்துமஸ் பாம் இப்படித்தான் மூன்று மூன்றாக வரும். அது ஒற்றைமரம், பக்கக்கன்றே விடாது.

*

மண்ணை ஒதுக்குவது சரிதான், ஆனால் இளஞ்செடியில் அது ஏமாற்றும். அரிக்கா பாமையும் ஒரு கவருக்குப் பல விதை போட்டுத்தான் வளர்க்கிறார்கள். அதனால் சிற்றிலை நுனியைப் பாருங்கள், அதுவும் மட்டையின் நடுப்பகுதியில். எலி கொறித்தது போல ஏறுமாறாக முடிந்தால் மெக்கார்தர் பாம், நியூகினி, வட ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. காய்ந்து கிழிந்த நுனியில் பழுப்பு விளிம்பு இருக்கும். மெக்கார்தரில் வெட்டின ஓரம் வரை பச்சை, எல்லாச் சிற்றிலையிலும் அதே மாதிரி.

கூராக முடிந்தால் மடகாஸ்கரின் அரிக்கா பாமாக இருக்கலாம். மட்டைக்காம்பின் அடியில் பொடிப்பொடியாகக் கரும்புள்ளிகள், தண்டை விரலால் தேய்த்தால் கையோடு வரும் வெள்ளை மெழுகு, இரண்டும் இருக்கிறதா பாருங்கள். காம்பின் மஞ்சளை மட்டும் நம்பவே வேண்டாம்: நிழல்வலைக்கடியில் பச்சையாகிவிடும். பழைய புத்தகங்களில் டிப்ஸிஸ் லூட்டெசென்ஸ் என்றிருப்பதும் 2022க்குப் பிறகு கிரைசாலிடோகார்ப்பஸ் லூட்டெசென்ஸ் என்று எழுதுவதும் இதே செடிதான்.

*

நடுச் சிற்றிலை என்று சொன்னது முக்கியம். நம் பாக்குமரத்தின் நெருங்கிய சொந்தமான அரிக்கா டிரையாண்ட்ராவும் (மேலே சொன்ன அரிக்கா பாம் இல்லை, வேறு செடி) தூர் கட்டும். அதில் நுனியிலிருக்கும் கடைசி ஜோடி மட்டும் அகன்று பல்பல்லாக முடியும். அதை மட்டும் பார்த்து மெக்கார்தர் என்று முடிவுகட்டிவிடுவார்கள். நடுச் சிற்றிலையில் நீளவாக்கில் பல நரம்பு மேடாக ஓடினால் டிரையாண்ட்ரா.

மட்டையடியில் முள்ளும், சிற்றிலை மேல்நோக்கி வாய்க்கால் போல மடிந்தும் இருந்தால் ஈச்ச இனம். மீன்வால் இலை என்றால் சுலபம்: ஒற்றையாக வளர்வது கூந்தல்பனை, தூர் கட்டுவது கரியோட்டா மைட்டிஸ். அதன் பழத்தை மட்டும் வெறுங்கையால் நசுக்காதீர்கள். சதையில் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இருப்பதால் தோல் அரித்தெடுக்கும்.