கண்மாய்ப் பணியில் கம்பெனி, அரசு, தொண்டு நிறுவனம்: உங்கள் அனுபவம் என்ன?

மேலூர்ப் பக்கத்து ஆயக்கட்டு விவசாயி:
எங்கள் கண்மாயைத் தூர்வார ஒரு கம்பெனி சமூகப் பொறுப்பு நிதி தந்தது. வேலையைச் செய்ய ஒரு தொண்டு நிறுவனம், அனுமதிக்கு அரசு. கையெழுத்தெல்லாம் ஆன பிறகுதான் சிக்கல் புரிந்தது. கம்பெனிக்கு, நிதியாண்டு முடியும் மார்ச் 31-க்குள் பணம் செலவாக வேண்டும். கண்மாயிலோ தை வரை தண்ணீர் நிற்கும். அறுப்பு முடிந்து, தரை காய்ந்து, பொக்லைன் இறங்கச் சித்திரை ஆகிவிடும். “தண்ணீரைத் திறந்துவிட்டால் என்ன?” என்று கம்பெனியிலிருந்து வந்த இளைஞர் கேட்டார். வயல்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் விடும் நீர்க்கட்டி அவரை ஏற இறங்கப் பார்த்தார். “கதிர் பால் பிடிக்கிற நேரம் தம்பி, இந்தப் பேச்சை ஊருக்குள் பேசிவிடாதீர்கள்” என்றார்.

ஓராண்டைத் தாண்டி நடக்கும் தொடர்பணி என்று முறைப்படி அறிவித்தால், மீதப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவிடலாம். 2021-இல் வந்த திருத்தம் இது. எங்கள் ஊர்த் தணிக்கையாளர் சொல்லித்தான் கம்பெனிக்காரர்களுக்கே தெரிந்தது! வேலை வைகாசியில் முடிந்தது. கரை பலமாக இருக்கிறது, பெயர்ப்பலகை அதைவிடப் பலமாக இருக்கிறது. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் மட்டும் யார் மதிப்பீட்டிலும் இல்லை.

ஓய்வுபெற்ற பொறியாளர், மதுரை:
1984-இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் உதவியோடு கண்மாய் நவீனப்படுத்தல் தொடங்கியபோது நான் வேலைக்குப் புதிது. மடைக்குக் கதவு, வாய்க்காலுக்குச் சிமெண்ட் பூச்சு. இவற்றை அளந்து பில் போடலாம். வரத்துக்கால் பல ஊர்களைத் தாண்டி வருகிறது, ஆக்கிரமிப்பு வேறு. அதில் கைவைக்க எவருக்கும் மனம் வராது. நீர்நிலையை ஊராரும் சேர்ந்து பராமரிக்கும் குடிமராமத்து 2017-இல் மீண்டும் வந்தபோது, செலவில் ஆயக்கட்டுக்காரர், அதாவது கண்மாய்ப் பாசன விவசாயிகள், பங்கு பத்து சதவீதம் என்றார்கள். மீதித் தொண்ணூறைவிட அந்தப் பத்தைத்தான் நான் பெரிதாக மதிப்பேன். கையிலிருந்து கொடுத்தவன்தான் சிமெண்ட் மூட்டையை எண்ணுவான்.

திருமங்கலம் வாசகி:
கண் முகாம்களில் இந்த இழுபறியை நான் பார்த்ததில்லை. இடமும் விளம்பரமும் ஊர்ச் சங்கத்தின் பொறுப்பு. அரவிந்த் மருத்துவமனை பஸ்ஸில் அழைத்துப்போய், அறுவை முடித்து, ஊரில் கொண்டுவந்து விடுகிறது. 1992-இல் அரவிந்தின் தயாரிப்புப் பிரிவான ஆரோலேப் தொடங்கி, கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் மதுரையிலேயே தயாரானதற்குச் சேவா போன்ற வெளிநாட்டு அறக்கட்டளைகளும் கைகொடுத்தன. ஆனால் கண்ணுக்கு மேலூர்க் கண்மாய்போல மேல்மடைக்காரர், கீழ்மடைக்காரர் சண்டை கிடையாதே!

மேலூர்ப் பக்கத்து ஆயக்கட்டு விவசாயி:
உண்மைதான் அம்மா. மேலே இருக்கும் ஊர்க்காரர்களிடம் வரத்துக்கால் பற்றிப் பேசினோம். தங்கள் கண்மாயையும் சேர்க்கச் சொல்கிறார்கள், நியாயமான கேட்பு. இரண்டுக்கும் சேர்த்து ஒரே மதிப்பீடு போட்டால்தான் அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்து என்று சங்கத்தில் தீர்மானம் போட்டிருக்கிறோம்.