ரெய்டு 1 மிரர் மறுபடி சேர மாட்டேன் என்கிறது, உதவி தேவை

கும்பகோணத்தில் சின்ன போட்டோ ஸ்டுடியோ. கல்யாண ஃபைல்கள் எல்லாம் இரண்டு 4 டிபி ஹார்ட் டிஸ்க்கில், ரெய்டு 1 மிரராக (ஒரே ஃபைல் இரண்டு டிஸ்க்கிலும் அப்படியே இருக்கும்). உபுண்டு 22.04, ரெய்டை நடத்துவது எம்டிஅட்ம் (mdadm), ஃபைல் சிஸ்டம் எக்ஸ்ட்4 (ext4).

போன வாரம் இடி மழையில் கரண்ட் போய்ப் போய் வந்தது. மறுநாள் ஒரு டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டுவிட்டு பயாஸிலேயே காணாமல் போனது. சரி, இதற்குத்தானே மிரர் என்று புது டிஸ்க் வாங்கிச் சேர்த்தேன். ரீபில்டு (பழைய டிஸ்க்கிலிருந்து புதிதுக்கு நகல் எடுப்பது) 60 சதவீதம் தாண்டியதும் நின்றுவிடுகிறது. புது டிஸ்க் ஸ்பேர் என்று ஒதுங்கிக்கொள்கிறது. கர்னல் லாகில், பிழைத்திருக்கும் பழைய டிஸ்க்கில் ரீட் எரர். ஸ்மார்ட்டில் (டிஸ்க் தன் நிலையைத் தானே சொல்லும் ரிப்போர்ட்) கரண்ட் பெண்டிங் செக்டர், அதாவது சரியாகப் படிக்க முடியாத இடங்கள், 24. இரண்டும் ஒரே நாளில் வாங்கியவை, கூடவே கிழடாகின்றன போல.

சாட்டா கேபிள், போர்ட், பவர் சப்ளை மாற்றிப் பார்த்தாயிற்று. ஸ்மார்ட் லாங் டெஸ்ட்டும் ரீட் ஃபெயிலியர் என்று பாதியில் நிற்கிறது. எஃப்எஸ்சிகே (ஃபைல் சிஸ்டத்தைச் சோதித்துச் சரிசெய்யும் fsck) ஓட்டவில்லை, சாகக் கிடக்கும் டிஸ்க்கில் எதையும் எழுதவிட மனசில்லை. பக்கத்துக் கடையில் ஃபார்மட் அடிக்கலாம் என்றார்கள். நன்றாகத்தான் இருக்கிறது!

மிரர் வேறு, பேக்கப் வேறு என்று தெரியும். தை மாதம் வரையிலானது தனி டிஸ்க்கில் இருக்கிறது. அப்புறம் எடுத்த முகூர்த்தங்கள் இதில் மட்டும்தான். இப்போது மெஷினை அணைத்து வைத்திருக்கிறேன்.

என் கேள்வி: பழைய டிஸ்க்கை முழுதாக டிடிரெஸ்க்யூ (பழுதான டிஸ்க்கில் படிக்க முடிந்ததை நகல் எடுக்கும் ddrescue) வைத்து புது டிஸ்க்குக்கு குளோன் எடுப்பதா, அல்லது ரீட் ஒன்லியாக மவுண்ட் செய்து முக்கிய ஃபோல்டர்களை முதலில் இழுப்பதா, எதை முதலில் செய்வது?