டிஸ்க் புடைப்பும் தீராத இடுப்பு வலியும்: கோர் பயிற்சியில் எதைச் செய்வது, எதை விடுவது?

ஈசூன்காரன்:
வணக்கம். வயது 41, நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை. கீழ்முதுகு வலி மூன்று மாதத்தைத் தாண்டிவிட்டது. எம்ஆர்ஐயில் எல்4-எல்5 டிஸ்க் (கீழ்முதுகின் 4-ஆவது, 5-ஆவது எலும்புகளுக்கு நடுவிலுள்ள மெத்தை) லேசாகப் புடைத்திருக்கிறது. ஆபரேஷன் தேவையில்லை, கோர் தசைகளை, அதாவது வயிறு, இடுப்பைச் சுற்றியுள்ள தசைகளைப் பலப்படுத்துங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எதை, எத்தனை தடவை என்பதுதான் தெரியவில்லை. புளோக் கீழே இருக்கும் உடற்பயிற்சி மூலையில் சிட்-அப் 30, வீட்டில் பிளாங்க் (முழங்கையையும் கால்விரல்களையும் ஊன்றி உடம்பை நேராகத் தூக்கிப் பிடிப்பது) 2 நிமிடம், காலையில் எழுந்ததும் சூரிய நமஸ்காரம். வலி கூடத்தான் செய்கிறது. காலில் மரமரப்பு, இழுப்பு எதுவும் இல்லை.

தோபாயோ_பிசியோ:
சிட்-அப்பை இன்றோடு விடுங்கள். ஒரு முழு சிட்-அப்பில் கீழ்முதுகின் மேல் 3,000 நியூட்டனுக்கு மேல் அழுத்தம் விழுகிறது என்று கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஸ்டூவர்ட் மெக்கில் கணக்கிட்டிருக்கிறார். ஏறக்குறைய 300 கிலோ, அதுவும் முதுகு வளைந்திருக்கும்போது. புடைத்த டிஸ்க்குக்கு இதைவிட வேண்டாத வேலை இல்லை.

அடுத்தது காலை நேரம். இரவு படுத்திருக்கும்போது டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பிக்கொள்ளும். எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிந்தால் பகலைவிட அதிகமாக இறுகும். சூரிய நமஸ்காரத்தில் குனிந்து பாதத்தைத் தொடும் பாதஹஸ்தாசனம் வருகிறதே, அதுதான் உங்களைக் குத்துகிறது என்று நினைக்கிறேன். வலி அடங்கும்வரை விட்டுவிடுங்கள், பிறகு மாலையில் செய்யலாம்.

கோர் தசைகளின் முதல் வேலை முதுகை வளைப்பதல்ல, கை கால் அசையும்போது முதுகு அசையாமல் பிடித்துக்கொள்வது. அதற்கு மெக்கில் சொன்ன மூன்று பயிற்சிகள் போதும்.

கர்ல்-அப்: மல்லாந்து படுத்து ஒரு முட்டியை மடக்குங்கள், மற்றக் கால் நீட்டியபடி இருக்கட்டும். இரண்டு உள்ளங்கைகளையும் இடுப்பின் இயல்பான குழிவுக்கு அடியில் வையுங்கள். அந்தக் குழிவு தரையோடு தட்டையாகக் கூடாது. தலையும் தோளும் ஒரே துண்டாக, தரையை விட்டு ஓர் அங்குலம் எழும்பினால் போதும். நெஞ்சை நோக்கித் தாடையை இழுத்தால் வயிற்றுக்கு முன் கழுத்துதான் களைக்கும்.

சைடு பிளாங்க்: பக்கவாட்டில் படுத்து, முட்டி மடக்கிய நிலையிலிருந்து தொடங்குங்கள். முழங்கை நேராகத் தோளுக்குக் கீழே. அது தள்ளிப் போனால் தோள் வலிக்கும். இடுப்பை மேலே தூக்கும்போது சற்று முன்னாலும் தள்ளுங்கள். தோள், இடுப்பு, முட்டி ஒரே கோட்டில் வரவேண்டும்.

பேர்ட்-டாக்: உள்ளங்கைகளையும் முட்டிகளையும் தரையில் ஊன்றி, வலக்கையையும் இடக்காலையும் நீட்டுங்கள், பிறகு மாற்றிச் செய்யுங்கள். காலை இடுப்பு உயரத்துக்கு மேல் தூக்க வேண்டாம். குதிகாலைப் பின்சுவரை நோக்கித் தள்ளுங்கள். மேலே தூக்கினால் புட்டத்துக்குப் பதில் கீழ்முதுகு குழிந்து வேலை செய்யும். இடுப்பின் மேல் சுருட்டிய துண்டை வைத்துப் பாருங்கள். உருண்டு விழுந்தால் இடுப்பு திரும்புகிறது என்று பொருள், காலைக் குறைவாக நீட்டுங்கள்.

ஒவ்வொன்றும் 10 விநாடி பிடிப்பு. பக்கத்துக்கு 6 தடவை, அரை நிமிட ஓய்வு, பிறகு 4, பிறகு 2. சுலபமானால் தடவையைக் கூட்டுங்கள், விநாடியைக் கூட்டாதீர்கள். இறுக்கிப் பிடித்திருக்கும்போது தசைக்குள் ரத்த ஓட்டம் குறைகிறது, விட்டு விட்டுப் பிடித்தால் களைப்பு ஏறாமல் தாங்கும் சக்தி வளரும். உங்கள் 2 நிமிட பிளாங்க்கில் கடைசி ஒரு நிமிடம் இடுப்பு தொய்ந்து போயிருக்கும், பக்கத்தில் யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்று, பலரும் கோட்டை விடுவது இங்கேதான்: வயிற்றை உள்ளே இழுக்காதீர்கள். தொப்புளுக்கு இரு பக்கமும் விரலை வைத்து லேசாக இருமினால் தசை வெளியே தள்ளும். அந்த இறுக்கத்தில் கால்வாசி இருந்தால் போதும். கூடவே மூச்சு ஓடவேண்டும்.

பொத்தோங்_நடையர்:
பிசியோ சொன்னது சரி, ஆனால் கோர் மட்டுமே மருந்து என்று யாரும் நினைக்க வேண்டாம். நீண்ட காலப்போக்கில் மற்ற உடற்பயிற்சிகளைவிடக் கோர் பயிற்சி பெரிதாக மேலானதல்ல என்றுதான் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். விடாமல் செய்வதே முக்கியம். 2024-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில், முதுகு வலியிலிருந்து மீண்ட 701 பேரில் நடைப்பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு வலி திரும்ப இடைநிலையாக 208 நாள் ஆனது, சேராதவர்களுக்கு 112 நாள். இலக்கு படிப்படியாக வாரம் 5 நாள், நாளுக்கு 30 நிமிடம். நம் சிங்கப்பூரில் பூங்காக்களை இணைக்கும் பார்க் கனெக்டர் பாதை இருக்கும்போது இதற்குக் காசா பணமா? வெயிலுக்கு முன் போங்கள், அவ்வளவுதான்.

எம்ஆர்ஐயைப் பார்த்தும் பயப்படாதீர்கள். வலியே இல்லாத 40 வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு டிஸ்க் புடைப்பு இருப்பதாக 2015-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு காட்டுகிறது.

ஈசூன்காரன்:
நன்றி சார். செய்யும்போது கொஞ்சம் வலித்தால் நிறுத்தணுமா? பல் தேய்க்கக் குனிந்தால்கூடப் பிடிக்கிறது.

தோபாயோ_பிசியோ:
பத்துக்கு மூன்று அளவு வலி பரவாயில்லை, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் அடுத்த முறை தடவையைப் பாதியாக்குங்கள். வலி இடுப்பிலிருந்து தொடை, கெண்டைக்கால் என்று கீழே இறங்கினால் அந்தப் பயிற்சியை நிறுத்திவிடுங்கள். காலில் இருந்த வலி இடுப்புக்கு ஏறிவருவது பெரும்பாலும் நல்ல அறிகுறி.

பல் தேய்க்கும்போது ஒரு கையை பேசினில் ஊன்றி, முதுகை வளைக்காமல் இடுப்பு மூட்டில் மடங்குங்கள். பழக, துடைப்பக் கட்டையை முதுகோடு பிடித்துக்கொண்டு குனிந்து பாருங்கள். பின்தலை, தோள்களின் நடு, வால் எலும்பு மூன்றும் கட்டையைத் தொட்டபடியே இருக்கவேண்டும். ஒன்று விலகினால் முதுகு வளைகிறது. அரிசி மூட்டை தூக்குவதும் இதே மடிப்புதான்.

சிராங்கூன்_செல்வி:
அம்மாவுக்கு 72 வயது. கொஞ்ச தூரம் நடந்தால் கால் கனக்கிறது, தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்து நடந்தால் சரியாகிறது. இதே மூன்றையும் செய்யச் சொல்லலாமா?

தோபாயோ_பிசியோ:
அது வேறு கதைம்மா. குனிந்தால் சுகம், நிமிர்ந்து நடந்தால் கனம் என்றால் தண்டுவடக் கால்வாய் சுருங்கியிருக்க வாய்ப்புண்டு, கால் ரத்தக் குழாயையும் பார்க்கவேண்டும். புஜங்காசனம் மாதிரி பின்னால் வளைப்பதை இப்போதைக்குச் செய்ய வேண்டாம். உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிள் பொதுவாக ஒத்துப்போகும். முதலில் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) காட்டுங்கள். அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு அரசாங்க மருத்துவமனைக்குப் போனால் கட்டணச் சலுகையும் கிடைக்கும்.

எல்லாருக்கும் ஒன்று: சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, கட்டுப்பாடின்றிப் போனாலோ, இரு தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ பயிற்சியும் வேண்டாம், கிளினிக்கும் வேண்டாம். அன்றே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.